சிசிலியா கிளம்பச் சொன்னாள்

சைலஸ் மகோகா காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் குடிகாரத் தகப்பனாக இருப்பான். பன்னிரண்டு மணிக்குச் சந்தையிலோ ஆஸ்பத்திரியிலோ சிசிலியா என்ற காய்கறிக்காரியாக இருப்பான். மாலை நாலரைக்கு நகரத்து அரங்கில் ஒத்திகை. அங்கே அவன் பாதிரியார். இந்த மூன்றுக்கும் நடுவே மட்டாட்டு என்கிற மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவான். இறங்குமிடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே கண் விழிப்பான். நைரோபியில் நடித்துப் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரே ஆளாக இருந்தால் அடுப்பு எரியாது.

நான் முத்தேயு, அவன் குழுவில் நடிக்கிறவள். பள்ளிக்கூட நாடகத்தில் அந்தக் குடிகாரனின் பெண்டாட்டி நான்தான். பொம்மலாட்டத்தில் சிசிலியாவின் வலது கையும் நான்தான். சிசிலியா பெரிய பொம்மை, ஒருவரால் ஆட்ட முடியாது. சைலஸின் வலது கை அவள் வாய்க்குள் இருக்கும், இடது கை அவள் இடது கைக்குள். வலது கை என்னுடையது. இப்படி ஒரே கறுப்புத் திரைக்குப் பின்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பதினோரு வருஷம் நின்றிருக்கிறோம். அவன் எப்போது மூச்சு இழுப்பான், எந்த வார்த்தைக்கு முன்னால் தோளைக் குலுக்குவான் என்பதெல்லாம் அவன் மனைவி ஈவ்லினைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஈவ்லினே இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

சிசிலியாவை அவன்தான் செய்தான். பழைய மெத்தைப் பஞ்சை வெட்டி முகம், கறுப்புக் கம்பளி நூலில் சடை, கிண்ணம் போல இரண்டு கண்கள். உதடு மட்டும் சிவப்பு ரப்பர். அவள் வாயைத் திறந்தால் கூட்டம் சிரிக்கும். சைலஸ் ஆறடிக்கு மேல் உயரம், குரலும் கனம். ஆனால் சிசிலியாவுக்கு அவன் கொடுத்த குரல், சந்தையில் தக்காளிக்கு விலை பேசி ஜெயித்துவிட்ட பொம்பளையின் குரல். கேட்டவர்கள் திரைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று சத்தியம் செய்வார்கள். நான் வெளியே வந்தால் என்னைத்தான் பாராட்டுவார்கள்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில், பெருமழைக்கு முன்னால், ஒரு தொண்டு நிறுவனம் எங்களைக் கூப்பிட்டது. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் நாற்பது ஆட்டம். மழை வரப்போகிறது, வெள்ளம் வரும், கரையை விட்டு மேட்டுக்குப் போங்கள் என்று சிசிலியா சொல்ல வேண்டும். ஒன்பது பக்கத்தில் வசனம் எழுதித் தந்தார்கள், சிசிலியாவுக்குப் புதுத் துணியும் நூலும் வாங்கித் தந்தார்கள். கூடவே இன்னொரு காகிதம், எல்லா ஒப்பந்தத்திலும் வருவதுதான்: படம் பிடிக்கலாம், ஒலி பதியலாம், தேவைப்பட்ட இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். சைலஸ் கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். அதைப் படித்துப் பார்த்தவன் எங்கள் குழுவில் எவனும் இல்லை.

நாற்பதில் ஆறு ஆட்டம் கிசிவானியில். சைலஸின் வீடு அங்கேதான், மேட்டுப் பக்கத்தில். அவன் அக்கா டோர்காஸ் கரையோரம் இருந்தாள். தகரக் கொட்டகை, ஒரு அறை. வாசலில் சப்பாத்தியும் பீன்ஸும் விற்கும் அடுப்பு. பின்பக்கக் கதவைத் திறந்தால் எட்டடியில் ஆற்றுத் தண்ணீர். புருஷன் போன பிறகு விவியன், ஜோயல் என்ற இரண்டு பிள்ளைகளையும் அந்த அடுப்பை வைத்தே வளர்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை காலை. திரையைக் கட்டியதுமே முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். முன்வரிசையில் கிலோன்சோ உட்கார்ந்திருந்தார். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், ஐம்பது வயது, வாய் சும்மா இருக்காது. சிசிலியா தலையை நீட்டியதும் அவரைத்தான் பிடித்தாள்.

"ஏய் கிலோன்சோ! ஆத்துக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கியே, அது பின்னாடி வந்து உன் சட்டையப் புடிச்சா என்ன பண்ணுவ?"

"நீதான் இருக்கியே சிசிலியா, வந்து காப்பாத்து! என்னைக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன். எங்கப்பாவுக்கு எத்தன மாடு ஓட்டிட்டு வருவ?"

"மாடா? நாலு டியூப் தரேன். அதுல ஒண்ணு புதுசு!"

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. திரைக்குப் பின்னால் சைலஸின் தோளும் குலுங்கியது. கிலோன்சோ சொன்னது எதுவும் வசனத்தில் இல்லை. அவர் மாதிரி ஒரு ஆள் முன்வரிசையில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அடுத்து சிசிலியா தன் பாட்டுக்கு வந்தாள்: "பெட்டியத் தூக்கு, புள்ளையத் தூக்கு, மழ வரும் முன்னே கிளம்பு கிளம்பு!" மூன்றாவது தடவை குழந்தைகளும் சேர்ந்து கத்தினார்கள். நிறுவனத்தின் ஆள் கிதோங்கா ஓரமாக நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டோர்காஸ் எழுந்து நின்றாள். கையில் சப்பாத்தி மாவு ஒட்டியிருந்தது.

"சிசிலியா, ஒண்ணு கேக்கறேன். கிளம்பு கிளம்புங்கற. சரி. எங்க கிளம்ப?"

சைலஸ் என்னைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் சிசிலியாவின் வாய் திறந்தது. "எங்க வீட்டுக்கு வா டோர்காஸ்! எம்புருஷன் கொறட்ட விடுவான், அது பரவாயில்லையா?"

சிரிப்பு வந்தது, ஆனால் கொஞ்சம்தான். டோர்காஸ் உட்காரவில்லை.

"நான் சிரிக்கறதுக்குக் கேக்கல. மேட்டுல ஒரு ரூமுக்கு இங்கவிட மூணு மடங்கு கேக்கறான். நான் விக்கிற சப்பாத்திக்கு அது கட்டுமா? எங்க போறதுன்னு நீ சொல்லு, நான் இப்பவே பெட்டியத் தூக்கறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு பேரும் ஒரு பஞ்சு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிசிலியாவின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. என் தோளை ஒட்டியிருந்த சைலஸின் தோள் கல்லாகிவிட்டது. ஒன்பது பக்க வசனத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பதினோரு வருஷத்தில் அவனுக்குப் பேச்சு வராமல் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானாகப் பொம்மையின் வலது கையைத் தூக்கி அவள் தலையைச் சொறிய வைத்தேன். ஒரு குழந்தை மட்டும் சிரித்தது.

கிதோங்கா முன்னால் வந்தார். "கேள்வியெல்லாம் எழுதிக்கறோம்மா. அதுக்குன்னு படிவம் இருக்கு."

ஆட்டம் முடிந்து டோர்காஸ் எங்களுக்குப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"உன் சிசிலியாவ பெரிய வாயாடின்னு நெனச்சேன். ஊமையாயிட்டாளே!"

"எழுதித் தந்ததத்தானக்கா பேச முடியும்."

"தெரியும்டா தம்பி. உன்ன எங்க கேட்டேன்? அவளத்தான கேட்டேன்." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சைலஸ் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று மாலை ஒத்திகைக்குப் போகும் வழியில் கிதோங்காவின் அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கிதோங்கா கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டார்.

"நானும் மேல கேட்டுட்டேன் சைலஸ். எச்சரிக்கிறது மட்டுந்தான் நம்ம வேலையாம். நெலம், வீடு எதுவும் நம்ம கைல இல்ல."

"அப்ப நான் என்னன்னு பதில் சொல்றது?"

"பாட்டப் பாடுங்க. பாட்டு நல்லாப் போகுது."

மிச்சம் ஐந்து ஆட்டத்திலும் சிசிலியா பாடினாள். டோர்காஸ் எல்லாவற்றுக்கும் வந்தாள். கடைசி வரிசையில் நின்று பார்த்தாள். மறுபடி எதுவும் கேட்கவில்லை. நாற்பது ஆட்டமும் முடிந்ததும் சிசிலியாவை நிறுவனத்து அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் மழை பிடித்தது. இரண்டாம் நாளே சைலஸ் போய் அக்காவையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவன் வீடும் ஒரே அறைதான். அவன், ஈவ்லின், மூன்று பிள்ளைகள். இப்போது எட்டுப் பேர். பிள்ளைகளுக்கு இடம் விட்டு, பெரியவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஈவ்லின் முகம் சுளிக்கவில்லை. பெரிய சட்டியில் உகாலி என்ற சோளமாவுக் களியைக் கிண்டி எட்டுப் பங்காக வெட்டினாள். மூன்றாம் நாள் காலையில் கிலோன்சோ நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்.

"டோர்காஸ், உன் கூரைல ரெண்டு தகரத்தக் காணோம். நான் சத்தம் போட்டேன், ஓடிட்டானுங்க. பூட்டு போட்ட வீட்ட எவன் விட்டு வப்பான்?"

டோர்காஸ் எழுந்து புடவை மாதிரி சுற்றும் தன் துணியை இடுப்பில் இறுக்கினாள். சைலஸ் வழியை மறித்தான்.

"அக்கா, தகரம் போனா போகட்டும்."

"போகட்டும்னா? தகரம், அடுப்பு, மாவு மூட்டை. அதுதான் நான். அது போச்சுன்னா இந்த ஓரத்துல உக்காந்து உன் பெண்டாட்டி கைய எத்தன நாளைக்குப் பாத்துட்டிருப்பேன்?" பிள்ளைகளையும் கிளப்பினாள். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தான். மழை அன்றைக்கு ஓய்ந்தும் இருந்தது.

மறுநாள் எங்களுக்கு கெரிச்சோ பக்கம் நான்கு நாள் சுற்று. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஆறு பள்ளிக்கூடங்கள். எட்டுப் பேர் கொண்ட குழு, ஆளுக்கு இரண்டு வேஷம். ஒருவன் நின்றுவிட்டால் நாடகமே நின்றுவிடும், எட்டு வீட்டிலும் அடுப்பு நிற்கும். சைலஸ் வண்டி ஏறினான். வழி முழுவதும் ஜன்னல் வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். முதல்முறையாக அவன் வண்டியில் தூங்காமல் வந்தான்.

இரண்டாம் நாள் காலை ஒரு பெண்கள் பள்ளி. வேதியியல் சாமான் வைக்கும் அறையில் வேஷம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது இருபதுக்கு ஈவ்லின் கூப்பிட்டாள். அவள் அழுது கத்தியது எனக்கே கேட்டது.

"விடியக்காலைல ஆறு உள்ள வந்துடுச்சு. அக்கா வீட்டுப் பக்கம் ஒண்ணுமே தெரியல. வெறும் தண்ணிதான் தெரியுது. யாரையும் கிட்ட விட மாட்டேங்கறாங்க."

சைலஸ் டோர்காஸின் எண்ணுக்கு அடித்தான். அணைக்கப்பட்டிருந்தது. கிலோன்சோவுக்கு அடித்தான். அதுவும் அப்படியே. அந்த நேரத்தில் தலைமையாசிரியை கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா? பொண்ணுங்கள்லாம் உக்காந்தாச்சு."

"நீ போ," என்றேன் நான். "ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறோம்."

"போய்? ஆறு மணி நேரம் பஸ்ல உக்காந்துட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன் முத்தேயு? ஆத்த நிறுத்தப் போறேனா?"

குடிகாரனின் கிழிந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போனான்.

மேடை என்பது சாப்பாட்டுக்கூடத்தின் ஒரு பக்கம். எழுநூறு பெண்கள். அன்றைக்கு அவன் நடித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் கூடம் அதிர்ந்தது. ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் போனை எடுத்து எண்ணை அழுத்துவான். குரல் கேட்கும், அணைக்கப்பட்டுள்ளது என்று. உடனே வெளியே போய்த் தள்ளாடுவான். ஒரு கட்டத்தில் அவன் நுழைய வேண்டிய இடத்தில் நுழையவில்லை. நான் மேடையில் தனியாக நின்று, இல்லாத வசனத்தையெல்லாம் சொல்லிப் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் அதற்கும் சிரித்தார்கள். பிறகு வந்தான். வந்த வேகத்தில் விழ வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே குப்புற விழுந்தான்.

கூடம் இடிந்துபோகிற மாதிரி சிரிப்பு. நாடகப்படி அவன் எழுந்து இன்னொரு தடவை விழ வேண்டும். எழவில்லை. பெண்டாட்டியாக நான் கிட்டே போய்க் காலால் தள்ளினேன். முகத்தைச் சிமெண்டுத் தரையில் அழுத்தியபடி அவன் அழுதுகொண்டிருந்தான். குனிந்தேன்.

"கிடைச்சுட்டாங்க," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "யாரோ போன்ல பேசினாங்க. மூணு பேரும் சர்ச் மாடில இருக்காங்க."

அவன் இரண்டு கையையும் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனேன். எழுநூறு பெண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே நாளில் இன்னொரு பள்ளி இருந்தது. அதையும் முடித்துவிட்டுத்தான் அவனைப் பேருந்து ஏற்றினோம்.

கிலோன்சோ கிடைக்கவில்லை. அவர் எதிர்வீட்டுக் கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்து மேட்டில் விட்டுவிட்டு, தன் கருவிப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான்கு நாள் கழித்து, ஆறு திரும்பும் இடத்தில், மரவேரில் மாட்டியிருந்தார். அடக்கத்துக்கு சைலஸ் போனான். அங்கே ஒருவர், "சிசிலியா சொன்னப்பவே கேட்டிருக்கலாம்," என்று நல்ல மனசோடுதான் சொன்னார். சைலஸ் பாதிப் பிரார்த்தனையில் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

தண்ணீர் வடிந்ததும் டோர்காஸ் சேற்றில் தோண்டித் தகரங்களை எடுத்தாள். சில அவளுடையவை, சில யாருடையவோ. அங்கே எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். அதே இடத்தில் கொட்டகை மறுபடி எழுந்தது. பள்ளி வேலைக்கும் ஒத்திகைக்கும் நடுவே கிடைத்த ஒவ்வொரு மணி நேரத்திலும் சைலஸ் போய் ஆணி அடித்தான்.

மே மாதம் அறிவிப்பு வந்தது. ஆற்றிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருக்கும் எல்லாம் இடிக்கப்படும். இடிக்கிற தேதிக்கு நான்கு நாள் முன்னால் கிதோங்கா சைலஸைக் கூப்பிட்டார். மக்கள் மனசு நோகாமல் காலி செய்ய வேண்டும், சிசிலியா பேசினால் கேட்பார்கள், இரண்டு நாள் வர முடியுமா என்று மேலிடத்தில் கேட்கச் சொன்னார்களாம்.

"முடியாது சார்," என்றான் சைலஸ். "இது மட்டும் முடியாது."

"புரியுது," என்று சொல்லிவிட்டு கிதோங்கா போனை வைத்துவிட்டார்.

சைலஸ் என்னிடம் வந்து சொன்னபோது அவன் முகமே வேறாக இருந்தது. "என் வாழ்க்கைல வந்த வேலைய வேணாம்னு சொன்னது இதுதான் முத்தேயு முதல் தடவ. ஒரு நிமிஷம்தான் ஆச்சு. இவ்வளவு சுலபம்னு தெரியாமப் போச்சே!"

இடிக்கிற நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆட்டம். சைலஸ் வீட்டில் இருந்த முயல் பொம்மையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எட்டரைக்கே கிசிவானிக்குப் போயிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் சாலைக்கு வந்தோம். அப்போது அந்தக் குரல் கேட்டது.

"பெட்டியத் தூக்கு, புள்ளையத் தூக்கு..."

நான் முதலில் சைலஸின் வாயைத்தான் பார்த்தேன். அது மூடியிருந்தது.

சந்துக்குள் ஒரு சின்ன லாரி ஊர்ந்து வந்தது. கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். அதற்குப் பின்னால் போலீஸ் வண்டி. அதற்கும் பின்னால் மஞ்சள் இயந்திரங்கள் இரண்டு. சிசிலியா கிசிவானி முழுக்கக் கேட்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். "கிளம்பு கிளம்பு!"

சைலஸ் பையைப் போட்டுவிட்டு ஓடினான். லாரியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"நிறுத்துப்பா! அத நிறுத்து!"

ஓட்டுநர் நாற்பது வயது ஆள், தூக்கம் கெட்ட கண். "அண்ணே, எங்கிட்ட ஒரு பென் டிரைவக் குடுத்தாங்க, போடுன்னாங்க, போடறேன். எனக்கு இதுல என்ன கெடக்கு?"

"அது என் குரல்!"

"வெளயாடறியா? அது பொம்பள குரல்."

சைலஸ் அவனைப் பார்த்துக்கொண்டே சிசிலியாவின் குரலில் சொன்னான்: "அது என் குரல்."

ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டான். அவன் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. ஒரு நிமிஷம் சந்து அமைதியாக இருந்தது. பிறகு போலீஸ் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து லாரியின் முதுகில் தட்டினார். "என்னய்யா, போ! பத்து மணிக்குள்ள முடிக்கணும்."

"மன்னிச்சுக்கண்ணே," என்றான் ஓட்டுநர். "நான் நிறுத்துனா எனக்குப் பதிலா இன்னொருத்தன் ஓட்டுவான்." சத்தம் ஏறியது.

அதற்குள் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள். சிசிலியா ஒலிபெருக்கியில் பேசுவதும், சைலஸ் லாரி ஜன்னலைப் பிடித்தபடி அதே குரலில் பேசியதும் அவர்களுக்குக் கேட்டிருந்தது. ஒரு பெண் கத்தினாள்: "பாருங்க, கூடவே வந்திருக்கான்! எவ்வளவு குடுத்தாங்க சைலஸ்? சொந்த அக்காவுக்கு என்ன வெல?"

"நான் வரல. நான் முடியாதுன்னு சொன்னேன். நான்..."

முதல் சேற்று உருண்டை அவன் நெஞ்சில் பட்டது. இரண்டாவது என் மேல். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆளாகப் பார்த்து, "நான் இல்ல, நான் இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

டோர்காஸ் அப்போது தன் கூரை மேல் உட்கார்ந்து சுத்தியலால் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"சைலஸ்! அங்க நின்னு என்ன பண்ற? வந்து இந்தத் தகரத்தப் புடி. வளைஞ்சா எவனும் வாங்க மாட்டான்."

போனோம். மேலிருந்து அவள் ஒவ்வொன்றாக நகர்த்தினாள், கீழே சைலஸும் நானும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து இறக்கி அடுக்கினோம். விவியன் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். லாரி அடுத்த சந்துக்குள் திரும்பியது. அந்த ஒலிப்பதிவில் வெறும் பாட்டு மட்டும் இல்லை, ஆட்டம் முழுவதும் இருந்தது. திடீரென்று ஒரு ஆணின் குரல் கேட்டது.

"நீதான் இருக்கியே சிசிலியா, வந்து காப்பாத்து! என்னைக் கட்டிக்கிறியா?"

தொடர்ந்து முந்நூறு பேர் சிரிக்கும் சத்தம்.

டோர்காஸின் சுத்தியல் நின்றது. சேறு எறிந்துகொண்டிருந்தவர்களும் நின்றார்கள். செத்துப்போன கிலோன்சோ, நாலு டியூப் தருகிறேன் என்று சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டே போனார். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா," என்றான் சைலஸ், தகரத்தின் முனையைப் பிடித்தபடி. "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். சத்தியமா."

"சொல்லியிருப்ப," என்றாள் டோர்காஸ். "அந்தப் பக்கத்தக் கொஞ்சம் தூக்கு."

பதினாலு தகரம் இறக்கினோம். பதினைந்தாவதை இறக்குவதற்குள் இயந்திரம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. டோர்காஸ் குதித்து இறங்கினாள். மஞ்சள் கை ஒருமுறை வந்தது, ஒருமுறைதான். சைலஸ் ஆணி அடித்த சுவர் காகிதம் போல மடங்கியது. அடுப்பு கீழேயே மாட்டிக்கொண்டது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. செவிலிப் பெண் எங்கள் சட்டையைப் பார்த்தாள், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "புள்ளைங்க பத்து மணிலேருந்து உக்காந்திருந்துச்சு. பாதி தூங்கிடுச்சு." தூங்காமல் இருந்த பாதிக்கு நாங்கள் முயலை ஆட்டிக் காட்டினோம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் சைலஸ் ஒரு சட்டைக் காலரைத் தேடி அலைந்தான். பிடித்து உலுக்க ஒரே ஒரு காலர் போதும் அவனுக்கு. கிதோங்கா கண்ணை நிமிர்த்தாமல் சொன்னார்: "நான் குடுக்கல சைலஸ். அறிக்கையோட சேத்து மேல அனுப்பினது. அங்கேருந்து யார் கேட்டா, யார் எடுத்துக் குடுத்தான்னு எனக்கே தெரியல." அவருக்கு மேலதிகாரியாக இருந்த அம்மாள், எல்லாத் துறைக்கும் அனுப்புவது வழக்கம் என்றார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். கீழே சைலஸின் கையெழுத்து அழகாக, சுழித்து இருந்தது. பொம்மையையாவது திருப்பிக் கொடுங்கள் என்றான். அதில் போட்ட புதுத் துணியும் நூலும் அவர்கள் வாங்கித் தந்தது, கணக்கில் அது அவர்கள் சொத்து என்றார்கள். சிசிலியா அங்கே ஒரு அலமாரியின் மேல், பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

கிசிவானியின் மேட்டுப் பக்கம் தப்பித்தது. ஆனால் குழாயடியில் ஈவ்லின் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சைலஸ் நடந்து போனால் ஏதாவது ஒரு சந்திலிருந்து குழந்தைகள், "கிளம்பு கிளம்பு!" என்று பாடும். குழந்தைகளுக்கு அது வெறும் பாட்டுதான். நல்ல பாட்டு, மறக்காது. ஜூன் மாதம் சைலஸும் ஈவ்லினும் வீட்டைக் காலி செய்துகொண்டு நகரத்தின் இன்னொரு மூலைக்குப் போனார்கள்.

வேலையை அவன் விடவில்லை. எப்படி விடுவான்? பள்ளி, சந்தை, ஒத்திகை எல்லாம் இருந்தது. பாதிரியார் நாடகம் மேடையேறியது. பத்திரிகையில் அவன் பெயரைப் போட்டு நன்றாக எழுதினார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். பெண் குரல் வேண்டும் என்று யாராவது கேட்டால் என்னைக் கை காட்டுவான். எனக்கு அந்த அளவு வராது. சிரிப்பு பாதிதான் வரும்.

டோர்காஸ் ஆத்தி ரிவர் பக்கம் போய்விட்டாள். சிமெண்டுத் தூசி படிந்த ஊர். தொழிற்சாலை வாசலில் சப்பாத்தி போடுகிறாள், தகரத்தை விற்று வாங்கிய புது அடுப்பில். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு தேவாலயத்தில் காலையில் ஆட்டம் இருந்தது. இரண்டரைக்கு நகரத்தில் நாடகம். நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தது. அவள் வீட்டுக்குப் போனோம். விவியன் வளர்ந்திருந்தாள். ஜோயல் மாமாவின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். டோர்காஸ் கீரையும் உகாலியும் வைத்தாள். ஊர்க் கதை பேசினாள், தண்ணீர் விலை பேசினாள். ஆற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. சைலஸ் மூன்று கவளம் சாப்பிட்டான். நான்காவதைக் கையில் உருட்டிக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனான்.

டோர்காஸ் அவன் கையிலிருந்த உருண்டையை மெல்ல எடுத்துத் தட்டில் வைத்தாள். ஈரத் துணியால் அவன் விரல்களைத் துடைத்தாள். பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பினாள்.

நான் மணியைப் பார்த்தேன். "அக்கா, ரெண்டு வண்டி மாறணும்."

"இன்னும் பத்து நிமிஷம் விடு முத்தேயு."

பத்து நிமிஷம் விட்டேன். பிறகு இன்னும் ஐந்து. அதற்கு மேல் விட முடியவில்லை. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்தவன், எந்த ஊர், யார் வீடு என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்ப நான் யாரு?" என்று கேட்டான்.

"பாதிரியார்," என்றேன்.

தலையை ஆட்டினான். முகம் கழுவிக்கொண்டு வந்து, ஜோயலிடமிருந்து தொப்பியை வாங்கிப் பையில் வைத்தான். டோர்காஸ் இரண்டு சப்பாத்தியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். வண்டி நிறுத்தம் வரைக்கும் நாங்கள் ஓட வேண்டியிருந்தது.